மூன்று பேரிடம் சொன்ன வார்த்தை

இன்று காலை பைண்டிங்குக்கு வந்த ஓர் ஆய்வேட்டின் தலைப்பில் அந்த வார்த்தை இருந்தது, மாப்ள. பாலியேட்டிவ். அட்டையில் தங்க எழுத்தில் அச்சடிக்க வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் நாம் ஜெராக்ஸ் கடை போட்ட நாளிலிருந்து நமக்குள் ஒரு பந்தயம். வருகிற ஆய்வேடுகளிலிருந்து தினம் ஓர் ஆங்கில வார்த்தை. அகராதி பார்த்து அர்த்தம் சொல்வது நான். கடை அடைப்பதற்குள் அதை மூன்று பேரிடம் பேசிக் காட்ட வேண்டியது நீ. "மழை வருங்கிறது என்னோட ஹைப்பாதெஸிஸ்ணே" என்று டீக்கடையில் நீ அளந்துவிட, "சீனி எம்புட்டுன்னு மட்டும் சொல்லுப்பா" என்று டீக்கடைக்காரர் கடுப்பானது நேற்றுப் போல இருக்கிறது.

பிறகு உன் ஈரலில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி, "இன்னைக்கு வார்த்தை இதுதான் மாப்ள, அர்த்தம் சொல்லு" என்றாய். எனக்குத் தெரியும். இனிக் குணமாகாது, வலியை மட்டும் தணிப்பார்கள் என்று அர்த்தம். உன் முகத்தைப் பார்த்தேன். "ரொம்ப நல்ல வைத்தியம்டா. ஆறு மாசத்துல எந்திருச்சிருவ" என்றேன்.

இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. நீ அழுவதைப் பார்க்கத் திராணியில்லாத கோழைத்தனம்.

பந்தயத்தை நீ விடவில்லை. முதலில் உன் மனைவியிடம் சொன்னாய். அவள் அன்றே பாயசம் வைத்தாள். அடுத்து டாக்டரிடம், "பாலியேட்டிவ் ஆரம்பிச்சிட்டீங்க, இனிக் கவலையில்ல சார்" என்றாய். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மூன்றாவதாகக் குவைத்தில் லாரி ஓட்டிய உன் மகனுக்குப் போன் போட்டாய். "லீவு கேட்டு வேலையக் கெடுத்துக்காத. அப்பாவுக்குப் பாலியேட்டிவ் குடுக்குறாக. பொங்கலுக்கு வா, போதும்." பக்கத்தில்தான் நின்றேன். போனைப் பிடுங்கியிருக்கலாம்.

பொங்கல் வரை நீ இல்லை. கடைசி இரண்டு நாளும் வாசலைப் பார்த்து அவன் பெயரையே சொன்னாய். மகன் இருந்தும் கொள்ளி வைத்தது உன் தம்பி.

"போன்ல தேடிப் பாத்தேன் மாமா" என்றான் பிறகு வந்து சேர்ந்த உன் மகன். "இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கிளம்பியிருப்பேன். அப்பாவுக்கு யாரு இப்படி அர்த்தம் சொன்னது?"

"தெரியலப்பா" என்றேன்.

அவன் குவைத்துக்குத் திரும்பிப் போகவில்லை. உன் இடத்தில் நின்று அட்டை ஒட்டுகிறான். இன்று நான் தடுமாறியதைப் பார்த்து, "குடுங்க மாமா, நான் அடிக்கிறேன்" என்று வாங்கி, அந்த வார்த்தையை எழுத்தெழுத்தாக அடுக்கினான். எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் நான் சொல்லவில்லை, மாப்ள.