எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

அண்ணி,

இன்று காலை எங்கள் பாலர் பள்ளிக்கு ஒரு பெரிய பெட்டி வந்தது. பிரித்ததும் புதுத் துணியின் சாய வாடை குப்பென்று அடித்தது. உள்ளே முப்பது டீ-சட்டைகள், முப்பதும் ஆரஞ்சு நிறம். அடுத்த வாரம் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போகிறோம். "ஒரே கலர்னா பாத்துக்க ஈசிலா அக்கா" என்றாள் கூட வேலை செய்யும் டீச்சர். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதையே உங்களிடம் சொன்ன மகா புத்திசாலி நான்.

அந்த வருஷப் பள்ளி விடுமுறையில் நம் ரப்பர் தோட்டத்து ஆட்கள் சேர்ந்து போர்ட்டிக்சன் கடலுக்கு பஸ் பிடித்தது உங்களுக்கு மறந்திருக்காது. எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, லயத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான்தான் அத்தை என்று ஓடி ஓடிச் செய்வேன். பகாவ் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சுச் சட்டை வாங்கி வந்ததும் நான்தான். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "கலரையே பாத்துக்கிட்டு இருந்தா மூஞ்சிய எப்பலா பாப்ப?" என்று சிரித்தீர்கள். உங்களுக்கு இந்த யோசனை வரவில்லையே என்ற பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் மர நிழலில் படுத்துவிட்டார்கள். பெண்கள் சோற்றுப் பானையைத் திறந்துகொண்டிருந்தார்கள். நாம் இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நின்றோம். "எட்டையும் ஒருத்தியால புடிக்க முடியாது. ஆளுக்கு நாலு" என்று பிரித்தீர்கள். உங்கள் கவிதாவுக்கு அப்போது ஐந்து வயது. அத்தையோடுதான் நிற்பேன் என்று அடம்பிடித்து என் பக்கம் வந்தாள்.

"ஒண்ணையே பாக்காத சரசு. ஒண்ணப் புடிச்சா மூணு போயிரும். பார்வைய நடுவுல வையி" என்றீர்கள். அப்படியே செய்தேன். எந்தப் பிள்ளையையும் பார்க்காமல் வெறும் தண்ணீரைப் பார்த்தால், நாலு ஆரஞ்சும் கண்ணின் ஓரங்களில் தாமாக ஓடின. ஒன்று குனியும், ஒன்று குதிக்கும், இரண்டு துரத்திக்கொள்ளும். ஒன்றும் நழுவவில்லை. எனக்கு ஒரே பெருமை. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாலு. நாலு. நாலு.

பக்கத்தில் வேறொரு தோட்டத்து பஸ்ஸும் வந்திருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் ஆரஞ்சுச் சட்டை. ஓர் அலை வந்தபோது அவளும் கவிதாவும் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தது ஊரார் பிள்ளையை. சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் அவள் முகத்தை நிமிர்த்தி, நீ யார் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

கண் என்னை ஏமாற்றவில்லை அண்ணி. இத்தனை வருஷம் யோசித்த பிறகு இதை நிச்சயமாகச் சொல்வேன். நாலு இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்று காட்டியது. யார் யார் என்று நான் கேட்கவே இல்லை.

அரை மணி நேரம் நாம் கவிதாவைத் தேடியதை எழுதக் கை வரவில்லை. கடைசியில் ஐஸ்கிரீம்காரன் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மாவின் மடியில் உட்கார்ந்து கவிதா ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு நேராக உங்களிடம் வந்தார். "புள்ளைய வுட்டுட்டு எங்கடி பாத்துக்கிட்டு இருந்த?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். "எங்கிட்டதாங்க இருந்தா. கண்ணு தவறிருச்சு."

அத்தனை பேர் முன்னால் அண்ணன் உங்களை அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் உங்கள்மேல் கை வைத்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அண்ணி?" என்று அழுதேன். கன்னம் இன்னும் சிவந்திருந்தது. "ஒன்ன என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். பெத்தவளா இருந்தா வுட்டுருப்பாளான்னு ஒம் மாமியா ஆரம்பிப்பா. அது ஆயுசுக்கும் நிக்கும். என்னைய ரெண்டு நாளு பேசுவாங்க, மறந்துருவாங்க" என்றீர்கள்.

அவர்கள் மறக்கவில்லை. கல்யாண வீடு, கோயில் திருவிழா, எங்கே போனாலும் "புள்ளைய அவகிட்ட குடுக்காத, கடல்ல வுட்டுருவா" என்று ஒருவர் எடுத்துக் கொடுப்பார், ஊரே சிரிக்கும். நீங்களும் சிரித்துக்கொண்டே இலையில் சோறு போடுவீர்கள். நானும் சிரித்தேன் அண்ணி, அதுதான் கேவலம். இரண்டு வருஷத்தில் எனக்கு மகன் பிறந்தான். அதற்குப் பிறகு என்னை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று காலம் போய்விட்டது.

"நான் எண்ணவே மாட்டேன்லா, பேரச் சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்று பிறகொரு நாள் சொன்னீர்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் அம்பாங்கானில் எங்கள் பாலர் பள்ளிக் கேட்டில் பிள்ளைகள் கலைந்து ஓடும்போது பெயர்களை முணுமுணுத்தபடி நிற்பேன். அக்கா மந்திரம் சொல்கிறார் என்று டீச்சர்கள் கேலி செய்வார்கள்.

நீங்கள் கண்ணை மூடிப் பதினோரு மாதமாகிறது. இன்று சட்டைகளை மடித்து வைத்துவிட்டு, சாயங்காலம் மம்பாவில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீச்சல் குளத்துக்குப் போகிறோம் என்றேன். "பாத்து கூட்டிட்டுப் போ. ஒங்க அண்ணி மாதிரி வுட்டுறாத" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உங்கள் நினைப்பில் சொன்னார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கவிதா என் பக்கம்தான் நின்றாள் என்பதையும், நீங்கள் பஸ்ஸில் சொன்னதையும்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைச் சோற்றிலிருந்து எடுத்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே சொல்லிருக்கலாம்ல சரசு" என்றார். "அவகிட்ட மன்னிப்பு கேட்டுருப்பேன்லா."

நான் பழியைத்தான் உங்கள்மேல் விட்டு வைத்திருந்தேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன், அண்ணி. உங்களுக்கு வரவேண்டிய ஒரு மன்னிப்பையும் வரவிடாமல் செய்திருக்கிறேன். அண்ணன் அதை இன்று என்னிடம்தான் சொன்னார். கொண்டுவந்து கொடுக்க நீங்கள் இல்லை.

சரசு