இரண்டாம் முறை கேட்காதது

பெங்களூர் அல்சூரில், வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பேனாவின் தலையை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டிருந்தார். நான் என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டைத் தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. எனக்குப் பதறியது. பதினெட்டு உன்னுடைய காலை நேர அளவு. கண் போன பிறகு இன்சுலின் பேனாவைக் காதருகே வைத்துத் திருகி, ஒவ்வொரு டிக்காக எண்ணி நீயே போட்டுக்கொள்வாய். "நான் போட்டு விடறேன்" என்ற உன் அண்ணனிடம், "நீ பத்தாவதுல கணக்குல ஃபெயில்" என்றாய்.

சர்க்கரை நோய் உன் பார்வையை எடுத்துக்கொண்டபோது நமக்கு ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசை; அதோடு நீ வேலையை விட்டாய். எனக்குச் சிறு வயதிலேயே போலியோ. இடது காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி, கையில் ஊன்றுகோல். ஞாயிற்றுக்கிழமைகளில் காக்ஸ் டவுனில் உன் சர்ச் முடிந்ததும், நீ என் தோளைப் பிடித்துக்கொள்ள, பேக்கரி வரை நடப்போம். மூன்று கால், இரண்டு கண். ஒரு முழு ஆளுக்கு மேலேயே இருக்கிறோம் என்பாய்.

பேக்கரிக்காரர் உன்னைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்பார்: "மேடத்துக்குச் சக்கரை போடலாமா?"

"இந்த அண்ணனுக்கு நான் பேசினா காது கேக்காது போல. சக்கரை வேணாம்னு நீயே சொல்லிடுடி" என்பாய்.

உதவும் உள்ளங்களால் இந்த ஊரில் பெரும் ஆபத்து. பேருந்தில் ஏறும்போது கேட்காமல் கையைப் பிடித்து இழுத்தவர்கள் என்னை இரண்டு முறை கீழே தள்ளியிருக்கிறார்கள். உதவாதவர்கள் ஒரு முறைகூடத் தள்ளியதில்லை. அதனால் நமக்குள் ஒரு சட்டம் போட்டோம். கேட்காமல் உதவக் கூடாது. வேண்டாம் என்றால் மறுமுறை கேட்கக் கூடாது. அதைக் கண்டுபிடித்ததற்காக நாம் நம்மை எவ்வளவு மெச்சிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரி மேசைக்கடியில் நீ செருப்பைக் கழற்றியிருந்தாய். சுண்டுவிரலை ஒட்டித் தோல் கறுத்து, ஈரமாக இருந்தது.

"கால்ல ஏதோ காயம் இருக்குடி."

"தெரியும். மருந்து போட்டுனு இருக்கேன்."

கட்டு இல்லை. மருந்தின் வாசனையும் இல்லை. உன் பாதத்துக்கு உணர்ச்சி குறைந்து வெகுநாளாகியிருந்தது. உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'கால் வலிக்கவில்லை' என்று ஊராரிடம் நான் சொல்லும் அதே குரலில்தான் நீ 'தெரியும்' என்றாய். வாயைத் திறந்தேன். சட்டம் நினைவுக்கு வந்தது. பன்னைப் பிய்த்துத் தின்றேன்.

அடுத்த ஞாயிறு நல்ல மழை, நாம் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு உன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். பாதத்தை எடுத்துவிட்டார்களாம்.

"அன்னைக்கு நீ சொன்னப்போ எனக்கு ஒண்ணும் தெரியாதுடி" என்றாய், கட்டிலில் படுத்தபடி.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாதுன்னு."

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாய். பிறகு கேட்டாய்: "அப்புறம் ஏன்டி இன்னொரு வாட்டி கேக்கலை?"

"நாம பேசி வச்சது அப்படித்தானே."

"நல்லா பேசி வச்சோம், போ." சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். "இனிமே கணக்கு ரெண்டு கால்தான்."

போர்வையை என் பக்கம் தள்ளினாய். "எதுவரைக்கும் எடுத்திருக்காங்கன்னு பார்த்துச் சொல்லு. அண்ணன் மழுப்பறான்."

இருபது வருடத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் உதவி. உன் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "சரி" என்றாய். பத்து நாளில் கிருமி ரத்தத்தில் ஏறி, உன்னையும் கொண்டுபோயிற்று.

உன் விருப்பத்தை மதித்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நல்ல வாக்கியம்தான். பாதி உண்மையும்கூட. மறுபடி கேட்டால் நீ கோபிப்பாய் என்று பயந்தேன் என்பது மீதிப் பாதி. கோபித்திருப்பாய். ஒரு மாதம் பேசாமல்கூட இருந்திருப்பாய், உயிரோடு.

இப்போதெல்லாம் யார் 'வேண்டாம்' என்றாலும் இன்னொரு முறை கேட்கிறேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் என்னிடம் யாரும் மறுமுறை கேட்பதில்லை. நான் 'வேண்டாம்' சொன்னால் நம்பிவிடுகிறார்கள்; அவ்வளவு நன்றாகச் சொல்லப் பழகியிருக்கிறேன்.

நேற்று காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறும்போது முட்டி மடங்கிவிட்டது. கீழ்வீட்டு கன்னடத்து அம்மாள் வாசலுக்கு வந்து, "பை கொடுங்க அக்கா, நான் கொண்டாந்து தர்றேன்" என்றார்.

"பேடம்மா, வேண்டாம், நானே போயிடுவேன்."

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான்காவது படியில் நின்றேன். எனக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்பது உனக்குத் தெரியும். பையைப் படியிலேயே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கிப் போய், அவர் கதவைத் தட்டினேன்.