ஜோடி 611

நாள் 19, காலை 7.10
ஆய்வுக் கப்பல், கரைக்கு நாற்பது மைல். எழுதுவது செண்பகவல்லி. கப்பலில் மற்ற எல்லாரையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. நோயை எதிர்க்க உடம்பு செய்யும் ஆன்டிபாடி என்பது இரண்டு புரதச் சங்கிலிகளின் ஜோடி. பிழைத்த ஒருவரின் பெரிய சங்கிலியோடு, வேறு ஆயிரம் பேரின் சின்னச் சங்கிலிகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பார்த்தேன். 611-வது ஜோடி வைரஸைக் கவ்விக்கொண்டது. அப்பாடா!

நாள் 19, பகல் 2.30
ஒரு வேலை பாக்கி. நல்ல மனித செல்களையும் இது கவ்வுகிறதா என்று சலித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் ஆகும். கரையிலுள்ள காய்ச்சல் முகாமின் நர்ஸ் ஜெபராணி ரேடியோவில்:
“ரெண்டு நாளு தாங்காதுக்கா. காலைல மட்டும் மூணு பேரு போய்ட்டாவ. இருக்கத அனுப்புங்க.”
இரண்டு சங்கிலியும் மனிதருடையவை. மனிதரை என்ன செய்துவிடும்? அந்தச் சோதனை இல்லாமலே டிரோனில் அனுப்பினேன், முதலில் பெரியவர்களுக்கு மட்டும் போடச் சொல்லி. எனக்கும் காய்ச்சல், நானும் ஊசி போட்டுக்கொண்டேன்.

நாள் 20, மாலை 5.00
“பெரியவங்க நாப்பத்தோரு பேருக்கும் சூடு எறங்கிட்டுக்கா! ஒருத்தரு மீன்கொழம்பு கேக்காரு!”
எனக்கும் இறங்கியது. உட்கார்ந்து அழுதேன்.

நாள் 22, காலை 9.15
இடது இமை தொங்குகிறது. டம்ளர் கையிலிருந்து நழுவியது.
“இங்கயும் கண்ணு அசதியா இருக்குங்காவ. காய்ச்சல் விட்ட சோர்வுதானே? பிள்ளையளுக்குப் போடலாமா? நீங்க சொன்னாத்தான் போடுவேன்.”
பொறு, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். விட்டுவைத்த சோதனையை இப்போது போட்டிருக்கிறேன். நரம்பு, தசைச் செல்களில் மட்டும் பார்ப்பதால் முடிவு ஒரே நாளில் வரும்.

நாள் 23, காலை 10.40
முடிவு வந்தது. நரம்பு தசையோடு பேசும் இடத்தையும் 611 கவ்வுகிறது. முதலில் இமை, பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு. இப்படிப்பட்ட ஜோடி உடம்புக்குள் உருவானால் உடம்பே அழித்துவிடும். நான் வெளியே வைத்துக் கோத்தேன். பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்காமல் பெண்ணைக் கொடுத்த மாதிரி. படுபாவி நான்.

10.52
ரேடியோவில் பேச வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. காற்றுதான் வருகிறது. எழுதி அனுப்ப இதில் வழியில்லை. போன டிரோன் முகாமிலேயே நிற்கிறது.

10.58
“அக்கா, இருக்கீயளா? பிள்ளையளுக்குச் சூடு ஏறுது. போடவா?”
மைக்கை விரலால் தட்டுகிறேன். வேண்டாம். வேண்டாம்

11.01
“தட்டுதது கேக்குக்கா. போடச் சொல்லுதீயளா?”
ஐயோ. தட்டுவதை நிறுத்திவிட்டேன்.
“செரிக்கா. புரிஞ்சிட்டு. போட ஆரம்பிக்கேன்.”