கொடுக்கும் முன்பே சொன்ன நன்றி

அன்பு மகள் பஸாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆடுகள்தான் மெலிந்துவிட்டன, மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. நீ படிக்கிற லீட்ஸில் குளிர் ஆரம்பித்திருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. எனக்கு நாலைந்து நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, கூழைக் கிளறிவிட்டு வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்தால் கூழ் அடிப்பிடித்துக் கிடக்கிறது.

ஆழ்துளைக் கிணற்று விஷயம்தான். வியாழக்கிழமை ஊர்த் தலைவரின் கோட்லா மன்றத்தில் எல்லோரும் கூடினோம். கிணற்றை மாட்டுக்காரர் சங்கத்துக்கே விட்டுவிடலாம் என்று பேச்சு, விட்டால் நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணலைத் தோண்ட வேண்டியதுதான். நீ எழுதி அனுப்பிய பேச்சை மனப்பாடம் செய்து, மன்ற முறைப்படி பாவாடையும் சால்வையுமாக எழுந்து நின்றேன். தண்ணீர் எங்கள் உரிமை, கோருகிறோம் என்று ஆரம்பித்து எத்தனை வீடு, எத்தனை லிட்டர் என்று அடுக்கிக்கொண்டே போனேன். தலைவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ரா-மொலாவோ கிழவர்தான் உனக்குத் தெரியுமே, வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, யாருகிட்டப் பேசுறே? ஆபீஸ் குமாஸ்தா யாரும் இங்க வரலியே" என்றார். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று, உன்மேல் கோபமும் வந்தது, மறைப்பானேன். ஊர் முன்னால் தலைவரிடம் கோருகிறோம் என்றால் அவர் கொடுக்க நினைத்ததையும் கொடுக்க முடியாதே, ஒரு பெண்பிள்ளை அதட்டலுக்குப் பயந்தார் என்று ஆகிவிடாதா? இது உனக்குத் தெரியாததா?

உட்கார்ந்திருக்கலாம், கால் மடங்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "தப்பாப் பேசிட்டேன் தலைவரே. நன்றி சொல்லத்தான் எழுந்தேன். பஞ்சத்துலகூட இந்தக் கிணத்தை எங்ககிட்டருந்து எடுக்காம வச்சிருக்கீங்க. இனியும் எடுக்க மாட்டீங்கன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தோம்." பெண்கள் எல்லோரும் புலா, மழை வரட்டும் என்று வாழ்த்தினார்கள், ஆண்களும் வேறு வழியில்லாமல் வாழ்த்தினார்கள். எப்போதும் கடைசியில் பேசி அங்கேயே முடிவு சொல்லும் தலைவர் அன்று திங்கட்கிழமை சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். ஊர் முன்னால் அவரைக் கட்டிப்போட்டது அவருக்குப் பிடிக்கவில்லையோ, கோபத்தில் கிணறே போய்விடுமோ என்றுதான் இந்தத் தவிப்பு.

இவ்வளவு எழுதும்போதே தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது, போய்வந்து மிச்சத்தை எழுதுகிறேன். போய்வந்துவிட்டேன். தலைவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நன்றியை ஊர் பார்க்க வாங்கிட்டேன், இனி திருப்பியா தர முடியும்? கிணறு உங்களுக்குத்தான்" என்றார். நான் கைதட்டி நன்றி சொல்வதற்குள் அடுத்த இடி. சங்கத்துக்காரர்கள் அவரைத் தாண்டி அரசாங்கத்தின் நில வாரியத்துக்கு மனுப் போட்டுவிட்டார்களாம், ஊருக்காக அங்கே நான்தான் பேச வேண்டுமாம். எனக்கு அங்கே யாரைத் தெரியும் என்றேன். "அவங்களுக்கு என்னையும் தெரியாது, உன் நன்றியும் தெரியாது. அன்னிக்கு என்னை அதட்டினியே, அதைப் போய் அவங்ககிட்டப் பேசு" என்றார்.

நீ பேச்சு எழுதிய அந்தத் தாளைக் கோபத்தில் அடுப்பில் போட்டுவிட்டேன் மகளே. மறுபடி எழுதி அனுப்பு. வீட்டுக் கணக்கு, லிட்டர் கணக்கு ஒன்றையும் விடாதே. வாரியம் அடுத்த மாதம் கூடுகிறது, விமானத் தபாலில் போட மறக்காதே. கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும், படிப்பு நல்லபடியாக முடியட்டும். அங்கே தாளைப் பார்த்துத்தான் படிக்கப் போகிறேன், எழுத்தைப் பெரிதாக எழுது. கோருகிறோம் என்ற இடத்தை இன்னும் பெரிதாக.

உன் அம்மா,
மா-பஸாடி