மரியே என்று நான் நிரப்பிய இடம்

சாந்தோம், சென்னை
நவம்பர் 16, ஞாயிறு

அன்பு மகள் கரோலுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் ரொனால்டும் சின்னவளும் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். அம்மாவின் முழங்கால் வலி அடையாறு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியில் பாதி குறைந்துவிட்டது, மீதிப் பாதி அவள் அந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்யாததால் அப்படியே இருக்கிறது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மெட்ரோவுக்குத் தோண்டிய இடமெல்லாம் சேறு, மயிலாப்பூர் குளம் வரை போவதற்கே ஆட்டோக்காரர் ஊரைச் சுற்றுகிறார். கீழ் வீட்டு கலீமுல்லா பாய் உன்னை விசாரித்தார், அவர் மருமகள் உம்மே ஹானிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இதையெல்லாம் போன வாரமே போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கிறிஸ்துமஸுக்கு உங்கள் தமிழ்க் குழுவில் அப்பாவின் பாட்டைப் பாடப்போகிறோம் என்று ஆசையாகச் சொன்னதும், பாடக்கூடாது என்று நான் கத்திவிட்டுப் போனை வைத்தேன். நீ திரும்ப மூன்று முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. உனக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம்தான்.

காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று நேற்றும் எடுத்தேன், சின்னவள் ஓடி வந்து தாத்தா என்று திரையில் மூக்கை ஒட்டியதும் வாய் வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் கரோல். அந்தப் பாட்டின் மெட்டு என்னுடையது இல்லை. நான் திருடினேன்.

ஜூலை மாதம் பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டு, இந்த வருடத் திருவிழாவுக்குப் புதுசாக ஒரு மாதா பாட்டு வேண்டும், முப்பது வருடமாகப் பாடற்குழுவை நடத்துகிறீர்கள், நீங்களே போட்டால் என்ன என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவனை யார் இப்படிக் கேட்கப்போகிறார்கள்? மூன்று வாரம் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். எதை வாசித்தாலும் ஏற்கெனவே எங்கோ கேட்ட பாட்டாகவே வந்தது. அப்போதுதான் ஷீலா ஞாபகம் வந்தது. உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகுதான் பழக்கம். பட்டினப்பாக்கத்தில் நாம் மீன் வாங்கும் வரிசையில் கடைசியில் உட்கார்ந்து, வாங்கிய மீனை வெட்டிக் கழுவித் தருகிறவள். கை வேலை செய்யும்போது வாய் ஒரு மெட்டை முனகிக்கொண்டே இருக்கும். வார்த்தை இருக்காது. ஒரு இடத்தில் சட்டென்று நிறுத்துவாள், ஒரு மூச்சு விட்டு, மறுபடி தொடங்குவாள். அந்த மெட்டு என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை சட்டைப்பையில் போனை வைத்து ரெக்கார்டை ஓடவிட்டுக்கொண்டு போனேன். வஞ்சிரம் வாங்கினால் நாலு வெட்டில் முடிந்துவிடும் என்று யோசித்து இரண்டு கிலோ நெத்திலி வாங்கினேன். ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி ஆய்ந்து முடிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் பக்கத்தில் நின்று மழையைப் பற்றியும் மீன் வரத்தைப் பற்றியும் பேசாமல் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன், பேசினால் என் குரலும் அதில் பதிந்துவிடுமே. இந்த வயதில் எனக்கு இவ்வளவு தந்திரம் இருக்கும் என்று நானே நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டே நாளில் வார்த்தை எழுதிவிட்டேன். அவள் நிறுத்துகிற இடம் மட்டும் காலியாக நின்றது, அங்கே மரியே என்று போட்டேன், அளந்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. குழுவில் எல்லாரும் கைதட்டினார்கள். முதல் குரல் பாடும் ஜொவிட்டா, அங்கிள் இத்தனை வருஷம் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரித்தேன். குழுப் பெண்களுக்கு தியாகராய நகர் போய் ஒரே மாதிரி நீலப் புடவை எடுத்தோம், திருவிழாப் பத்திரிகையில் பாடல், இசை ஸ்தனிஸ்லாஸ் என்று என் பெயரை அச்சடித்தார்கள், அந்தப் பத்திரிகையைத்தான் உனக்கும் படம் பிடித்து அனுப்பினேன்.

தேர் பவனி அன்று சாயந்திரம் வண்டியில் ஸ்பீக்கர் கட்டி, நான் கீபோர்டோடு உட்கார்ந்திருக்க, பாட்டு பட்டினப்பாக்கம் தெருவுக்குள் போனது. அங்கே எல்லா வீட்டு வாசலிலும் மெழுகுத்திரி ஏற்றி நிற்பார்கள், இந்துக்களும்தான். ஷீலாவும் நின்றாள். பாட்டில் அந்த மரியே வந்த இடத்தில் அவள் கையிலிருந்த திரியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசித்தேன் கரோல். அதன் பிறகு மீன் கடைப் பக்கமே போகவில்லை, செயலியில் வாங்கினேன். நடுவில் நீ தேர் பவனி வீடியோவை இணையத்தில் போட்டு, எங்க அப்பா இசையமைத்தது என்று எழுதியிருந்தாய், எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று தினமும் சொன்னாய், நானும் தினமும் கேட்டேன்.

நான் போனை வைத்த அன்று அம்மா சமையலறையிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். மீன் வாங்கப் போறது நீங்க மட்டுமா, நானும்தான் போறேன், ப்ராக்டீஸ்ல முதல் தடவை கேட்டப்பவே தெரிஞ்சிடுச்சு, நீங்களா சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் என்றாள். நீயும் சேர்ந்து பாடினாயே ஃப்ளோரன்ஸ் என்று கேட்டேன். அதுக்குத்தான் நான் சாமிகிட்ட போய் பாவசங்கீர்த்தனம் செஞ்சேன், நீங்க செஞ்சீங்களா என்றாள்.

மறுநாள் காலை போனேன். ஷீலா என்னைப் பார்த்ததும் எதுவும் நடக்காத மாதிரி, இன்னா சார், ரொம்ப நாளா காணோம், ஒடம்பு நல்லா கீதா என்று கேட்டாள். திருவிழாவில் பாடியது உன்னுடையது, உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன் என்றேன். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். தெரியும் சார், தேர் வர்றசொல்ல கேட்டேனே என்றாள். பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “அது பாட்டுலாம் இல்ல சார். எம் பொண்ண தூங்க வெக்க நானா இழுத்துக்கினு இருந்தது. மஹதினு பேரு, பிரசவம் பாத்த டாக்டரம்மா பேரு அது. நாலு வயசுல காய்ச்சல் வந்து பூட்டா. நடுவுல ஒரு எடத்துல நிறுத்துவேன் பாத்தியா, அங்க அவ பேரு வரும். இப்போ வாயில வர மாட்டேங்குது, அதான் வுட்டுட்டுப் போவேன்.”

அந்த இடத்தைத்தான் நான் இவ்வளவு அழகாக நிரப்பியிருந்தேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மாதா பேரத்தான போட்டே, தப்பா ஒண்ணும் சொல்லலியே என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, “ஆனா வாணாம் சார். எல்லாரும் பாடினா எல்லார் பாட்டாயிடும். ஒரு போட்டோ இருந்துச்சு, அதுவும் வெள்ளத்துல பூடுச்சு. வேற இன்னா கீது எங்கிட்ட” என்றாள்.

பங்குச்சாமியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனசோடுதான் அவர், பாட்டுக்கு அந்தம்மா பெயரைப் போட்டு, பூசையில் பொன்னாடை போர்த்திவிடலாமே என்றார். ஷீலாவிடம் கேட்டதற்கு, துணிய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை பயிற்சியில் எல்லார் முன்னாலும் நின்று சொன்னேன், பாட்டை விட்டுவிடுகிறோம் என்றும், குழுவை இனி ஜொவிட்டா நடத்துவாள் என்றும். யாரும் திட்டவில்லை. ஜொவிட்டா மட்டும், பாராட்டினவங்ககிட்டல்லாம் நான் இப்போ என்ன சொல்றது அங்கிள் என்று கேட்டு அழுதுவிட்டாள். பாட்டுத் தாளை ஒவ்வொருவரும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நேற்று மீன் கடைக்குப் போனபோது பக்கத்தில் உட்காருகிற விஜயலக்ஷ்மி என்ற அம்மா, திருவிழாவுலேர்ந்து இவ பாடறதே இல்ல சார், கேட்டு கேட்டுப் பழகிடுச்சு, எங்களுக்கே ஒரு மாதிரி கீது என்றாள். ஷீலா நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு ராத்திரி நிம்மதியாக இருந்தேன், அது திரும்பிப் போய்ச் சேரவில்லை.

உன்னிடம் கேட்க இன்னொன்று இருக்கிறது. ஏழாவது படிக்கும்போது தோழி வரைந்து கொடுத்த படத்துக்கு நீ கோப்பை வாங்கினாய், நான் கண்டுபிடித்து, தலைமையாசிரியை கையில் நீயே திருப்பிக் கொடு என்று அனுப்பினேன். கேட்டிலேயே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றேன், உள்ளே வரவில்லை. பெண்ணை எப்படி வளர்த்தேன் என்று அதைப் பத்து வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், ரொனால்ட் பெண் பார்க்க வந்த அன்றுகூட. தப்பை ஒப்புக்கொண்டு தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மன்னித்துக்கொள் அம்மா.

ரொனால்டை பிரஷர் மாத்திரையை விடாமல் போடச் சொல், வேலை அதிகம் என்று நீயும் காலையில் சாப்பிடாமல் ஓடாதே. சின்னவளுக்கு அம்மா பின்னிய ஸ்வெட்டர் தனிப் பார்சலில் வருகிறது. ஆண்டவர் உங்கள் மூவரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறதென்று நீ நினைத்தால்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வீடியோவை எடுத்துவிடு. ஏன் என்று கேட்பார்கள். ஷீலா பெயரையும் குழந்தை பெயரையும் யாரிடமும் சொல்லாதே, நான் எழுதியது உனக்கு மட்டும். என் பெயரைச் சொல், என்ன செய்தேன் என்று சொல்.

உன் அப்பா,
ஸ்தனிஸ்லாஸ்