நான் வெட்டிய ஜீப்பு ரோடும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும்

அன்பு மாப்ளே,

நீ இருக்கிற இடத்தில் மழை உண்டா, தெரியாது. இங்கே குரங்கணிக்கு மேலே மேகம் இறங்கிவிட்டது. உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

வருஷா வருஷம் மழைக்கு முந்தி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய் மண்சரிவுப் பாடம் நடத்துவாயே, நீ கண்ணை மூடியதோடு அது நின்றுவிடக் கூடாது என்று புது டீச்சரிடம் நானே போய் நின்றேன். "என் ஏலத்தோட்டத்துக்கே வாங்க டீச்சர், ஜீப்பும் நம்மதுதான்" என்றேன். உன் நினைவாக எல்லோருக்கும் பருப்பு வடை வேறு. பத்தாவது அறிவியலைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய எனக்கு, அன்றைக்குக் கல்வித்தந்தை என்கிற நினைப்பு.

டீச்சர் பிள்ளைகளைச் சரிவில் நிறுத்தி, "மழ பெஞ்சா இந்த மல எங்க விட்டுக்குடுக்கும்? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். நான் வடைச்சட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், இங்க அடிய வெட்டி ரோடு போட்டிருக்காங்க."

"வெட்டுன மண்ண ஓடைக்குள்ள தள்ளிருக்காங்க. தண்ணி போக வழியே இல்ல."

"மேல பாருங்க, நெலம் நீளமா வெடிச்சிருக்கு."

எல்லாம் என் ரோடு. ஏலக்காய் மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டாம், காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசல் வரைக்கும் ஜீப்பு போகட்டும் என்று போன கோடையில் ஜேசிபி வைத்து வெட்டியது.

"எந்தக் கிறுக்கன்டா இத வெட்டுனது?" என்றான் ஒருவன். நான் குனிந்து ஷூக் கயிற்றைத் தேடினேன். காலில் கிடந்தது ரப்பர் செருப்பு.

"எங்கப்பாதான்" என்றாள் அதே வகுப்பில் படிக்கிற உன் மருமகள்.

டீச்சர் பேச்சை மாற்றப் பார்த்தார்கள். என் மகள் விடவில்லை. மண் இறங்கினால் எந்தப் பக்கம் போகும் என்று கையை நீட்டிக் காட்டினாள். விரலுக்கு நேர் கீழே செல்வி வீடு. நம் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். இடுப்பில் குழந்தையோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேலே நிற்கிற நம் பாப்பா தன்னைத்தான் பார்க்கிறது என்று சிரித்துக் கையை ஆட்டினாள், மாப்ளே.

டீக்கடையில் நீ எத்தனை தடவை சொன்னாய்? "அடிதான் மலைக்குக் காலு. கால வெட்டிட்டு நில்லுன்னா நிக்குமா மச்சான்?" ஏதோ பரீட்சைக்கு வருகிற கேள்வி என்றல்லவா தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமே செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். வைவாள் என்று நினைத்தேன். "ரோடு போடயில இது தெரியாதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியுமா, தெரியாதா? நீயே சொல்.

அன்றைக்கே செல்வி குடும்பத்தைச் சட்டிபானையோடு போடியில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். கட்டிலில் குழந்தை, தரையில் நான். ஓடையில் தள்ளிய மண்ணை ஆட்களோடு சேர்ந்து அள்ளுகிறேன். மகளும் கூட வருகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று, "மண்ண அங்க குவிக்காதீங்கப்பா, மறுபடியும் கீழதான் வரும்" என்றாள். திட்டுதான். ஆனாலும் அப்பா என்றாளே.

விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சரியென்று சொல்கிற வரைக்கும் அந்த ரோட்டில் என் ஜீப்பு ஏறாது. மூட்டை என் தலையில் போகட்டும். அடுத்த வருஷமும் பிள்ளைகளை அங்கேயேதான் கூட்டிப்போவேன். யார் வெட்டியது என்று எவனாவது கேட்டால், இந்தத் தடவை என் மகளைச் சொல்ல விடமாட்டேன்.

செருப்புக்குக் கயிறு தேடிய
உன் மச்சான்