வெளியில் நின்ற நீலச் செல்கள்

அக்கா,

காலையிலிருந்து வீட்டுக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். தின்னர் டப்பாவைத் திறந்ததும், மெழுகைக் கரைக்கிற அதே சைலீன் வாசனை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு வாசலில் நிற்கிறேன் என்பதே மறந்து, சேலத்தில் நாம் வேலை பார்த்த லேபுக்குப் போய்விட்டேன். சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுகிற வேலை நமக்கு. எண்பதுகளில் அந்த வாசனையோடுதான் வீடு திரும்புவோம். என் மாமியார் பக்கத்திலேயே வரமாட்டார்.

ஈரல் புற்று ஸ்லைடு என்றால் டாக்டருக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள். நோயை எதிர்க்கிற செல்கள் பொடிப்பொடியாக நீலத்தில் தெரியும். அவை கட்டிக்குள் புகுந்திருந்தால் அந்த ஆள் கொஞ்ச காலம் தாங்குவார், ஓரத்திலேயே நின்றால் சீக்கிரம் போய்விடுவார் என்பது நீங்களாகப் பார்த்துப் பார்த்துக் கண்டது. டாக்டர் சிரித்தார். ரிப்போர்ட்டில் அதை யாரும் எழுதுவதும் இல்லை. "எழவுக்கு வந்த ஒறம்பரைச் சனமாட்ட வெளியிலயே நிக்குது பாரு சாமி" என்பீர்கள். நானும் சிரிப்பேன்.

பிறகு உங்கள் ஈரலிலிருந்தே ஒரு துணுக்கு வந்தது. நான்தான் சீவினேன். இரண்டு சீவல் வீணாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோகனூரில் உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறி வந்தேன். உங்கள் மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆவணியிலேயே முகூர்த்தம் கேட்டார்கள். கரும்பு வெட்டு முடியட்டும், தையில் வைக்கலாம் என்றார் உங்கள் வீட்டுக்காரர். எந்த மாதம் என்பதை நீங்கள் என் பதிலுக்கு விட்டிருந்தீர்கள்.

"உள்ளார போயிருக்குதா, வெளியில நிக்குதா? மறைக்காமச் சொல்லு சாமி."

"உள்ளார போயிருக்குதுங்கக்கா."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருந்தத்தான் சொன்னேன், பாவி. உங்கள் முகம் தெளிந்தது. அப்படியானால் தையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். எனக்குக் காப்பி வந்தது. குடித்தேன்.

கார்த்திகையில் நீங்கள் போய்விட்டீர்கள். வருஷம் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். உங்கள் மகளின் சேலை மடிப்பை நான்தான் சரிசெய்தேன். அது நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

போன மாதம் தெரிந்த டாக்டர்ப் பெண் ஒருத்தியிடம் நீங்கள் கண்டதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கட்டியின் செல்களே அந்த நீலச் செல்களை 'போதும், நில்' என்று அடக்கி வைத்துவிடுகின்றனவாம். அந்தப் பிடியை விடுவிக்க இப்போது மருந்து இருக்கிறது, எல்லாருக்கும் கேட்பதில்லை என்றாள். வேடிக்கை பார்க்க வந்தவை என்று அவற்றை ஏசினோமே, அக்கா. அவற்றைத் தடுக்க ஒன்று இருந்தது. உண்மையைச் சொல்லவிடாமல் என்னை யாரும் தடுக்கவில்லை.

உங்கள் ஸ்லைடு ஒன்று இன்னும் என் பீரோவில், பஞ்சு சுற்றிய டப்பாவில் இருக்கிறது. சாயம் வெளுத்துவிட்டது. பார்க்காமலே என்னால் சொல்ல முடியும். அன்று நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்.

வெளியிலதானுங்கக்கா நின்னுச்சு. ஒண்ணுகூட உள்ளார போகல.